வேற ஏதாவது தெரிஞ்சுதா?

தெர்மாமீட்டர் நாக்குக்கு அடியில் இருக்கும்வரை பேச வேண்டியதில்லை. காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காராமல், ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது டாக்டரம்மா சொன்ன விதி. அந்தக் கொஞ்ச நேரமும் அவள் கணவன்தான் பேசுவான். அவன் லிப்ட் மெக்கானிக். நேற்று எந்தக் கட்டடத்தில் எந்த லிப்ட் நடுவழியில் நின்றது, உள்ளே மாட்டிக்கொண்ட பெரிய மனிதர் எப்படிக் கத்தினார் என்பதையெல்லாம் நடித்தே காட்டிவிடுவான். சிரித்தால் தெர்மாமீட்டர் நழுவிவிடும், அதனால்தான் அவள் சிரிப்பதில்லை என்று இருவரும் பேசாமலே ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருந்தார்கள். அது சத்தம் கொடுத்ததும் அவனே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, செல்போனில் ஏற்றிக்கொள்வான்.

"ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. அதே மாடிதான்" என்பான். பிறகு சட்டைப் பொத்தானைப் போட்டபடி, சாவியைக் காணோமே என்று கேட்பவன் மாதிரி கேட்பான்: "வேற ஏதாவது தெரிஞ்சுதா?"

"ஒண்ணும் இல்லங்க."

இருவரையும் எதிரே உட்காரவைத்து டாக்டரம்மா விளக்கியிருந்தார். உடம்பு அடுத்த குழந்தைக்குத் தயாராகும்போது முதலில் வெள்ளைப்படுதல் மாறும். முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி தெளிவாக, வழுவழுவென்று, இழுத்தால் அறாமல் வரும். அதன் பிறகுதான் காய்ச்சல்கூட இல்லாத ஒரு சின்னச் சூடு ஏறும். பால் சுரந்துகொண்டிருக்கும்வரை இரண்டும் தள்ளிப்போகலாம். பாலை நிறுத்திவிட்டால் சீக்கிரமே வந்துவிடும். சூட்டை அளக்கும் பொறுப்பை அவன் எடுத்துக்கொண்டான். மற்றது அவளுக்கு மட்டுமே தெரியக்கூடியது.

குழந்தைக்குப் பாலை நிறுத்தவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. குழந்தை இல்லை. மூன்று மாதம் நிறைவதற்குள், இதயத்தில் இருந்த ஏதோ ஒரு கோளாறில், மருத்துவமனைக் கண்ணாடி அறைக்குள்ளேயே உயிர் போய்விட்டது. முழு உள்ளங்கைகூட நிறையாத முகம். மூச்சு முட்டி முட்டி, விட்டுவிட்டு வரும் மெல்லிய அழுகை. மகளை அவன் சுண்டெலி என்றுதான் கூப்பிட்டான். முறையாக வைத்த பெயர் சான்றிதழோடு நின்றுவிட்டது. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று மாலையும், வழக்கமான நேரத்துக்கு, அவளுக்குப் பால் கட்டியது. உடம்புக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

பால் வற்ற மாத்திரை தருகிறோம் என்றார்கள். அவள் வேண்டாம் என்றாள். அந்த மருத்துவமனையிலேயே குறைமாதக் குழந்தைகளுக்காகப் பால் வங்கி இருந்தது. பீய்ச்சி, குளிர்பெட்டியில் உறையவைத்து, வேலைக்குப் போகும் வழியில் கொண்டுபோய்க் கொடுத்தாள். எவ்வளவு பெரிய மனசு என்று உறவெல்லாம் மெச்சியது. பெரிய மனசும் இல்லை, மண்ணும் இல்லை. பால் இருக்கும்வரை அவள் சுண்டெலியின் அம்மா. அது வற்றி அந்த வழுவழுப்பு வந்துவிட்டால், உடம்பு சுண்டெலியை மறந்துவிட்டு அடுத்த ஆளுக்குப் பாய் விரித்துவிட்டது என்று அர்த்தம். இந்தத் துரோகத்தைத் தள்ளிப்போடத்தான் விடியுமுன்பும், மதியம் வேலை பார்க்கும் கடையின் ஸ்டோர் ரூமில் கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவிலும், படுக்கப்போகும்போதும் அவள் விடாமல் பீய்ச்சிக்கொண்டிருந்தாள்.

அவன் ஒருநாளும் நிறுத்து என்று சொன்னதில்லை. பால் வங்கி நர்ஸுக்கு 'பால்கார அக்கா' என்று பட்டம் வைத்திருந்தான். "பால்கார அக்காவுக்கு உன்ன விட்டா வேற ஆளே கிடைக்கலையா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். அவள் பார்த்த பார்வையில் அதோடு வாயை மூடிக்கொண்டான். ஆனாலும் காலைக் கேள்வி மட்டும் நிற்கவில்லை. அவன் அவசரத்தை நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு லிப்ட் கெட்டுப்போனால் பாகத்தை மாற்றி ஓட்டிவிடுகிற ஆள்தானே.

அன்று பால்கார அக்கா புட்டிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அளவு இறங்கிட்டே வருதும்மா. நீ என்ன பண்ணுவ? உடம்பு தன்னால திரும்புது."

"நான் இன்னும் ஒரு வேள சேத்து எடுக்கறேன்க்கா."

"எடுத்தாலும் அவ்வளவுதான் வரும். இது நல்ல சேதிம்மா" என்று தோளைத் தட்டினாள் அக்கா. அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றியது அவளுக்கு.

மூக்குக் கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பார்வை பார்க்கும் வேலை. கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்க வேண்டும். ஓய்வுபெற்ற ஒருவர் இரண்டும் ஒன்றுதான் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார். அவரைச் சட்டத்தோடு உட்காரவைத்துவிட்டு அவள் கழிப்பறைக்குப் போனாள். துடைத்த காகிதத்தில் அது இருந்தது. நிறமே இல்லை. இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து இழுத்தாள். அறவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அப்போதும் அறவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, "இவ்வளவுதானாடி நீ" என்று தன் உடம்பைப் பார்த்துச் சொன்னாள். வெளியே வந்தபோது பெரியவர் அதே சட்டத்தோடு காத்திருந்தார். "இப்ப தெளிவா இருக்கா சார்?" என்று கேட்டாள்.

மாலையில் அவன் அவளுக்கு முன்பே வந்திருந்தான். பால் பீய்ச்சும் கருவியின் உறுப்புகளைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தான். அந்த வேலையை அவளிடம் அவன் விட்டதே இல்லை. அவள் வாசலிலேயே நின்றாள். ஒண்ணும் இல்ல என்று நாளைக்கும் சொல்லலாம், நாளை மறுநாளும் சொல்லலாம். சூடு ஏறினால் தெர்மாமீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். அதைவிட, சொன்னதும் அவன் முகம் மலர்ந்துவிடுமோ என்பதுதான் அவள் பயம். மலர்ந்துவிட்டால் ஆயுசுக்கும் அவனை மன்னிக்க முடியாது. அது தனக்கே நன்றாகத் தெரிந்தது. தெரிந்துதான் வாயைத் திறந்தாள்.

"என்னங்க. இன்னிக்குத் தெரிஞ்சுது."

அவன் திரும்பவில்லை. இடுக்கியில் பிடித்திருந்த சின்ன மூடி தண்ணீருக்குள் விழுந்தது. அடுப்பை அணைத்தான். அணைத்த பிறகும் அந்தக் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"டாக்டரம்மா சொன்ன மாதிரியேவா?"

"அதே மாதிரிதான்."

அவன் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். முகத்தில் ஒரு பொட்டுச் சந்தோஷம் இல்லை.

"அப்ப சுண்டெலி நிஜமாவே போயிட்டாளா?" என்றான்.

அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"தினம் நான் எதுக்குக் கேட்டேன்னு நெனச்ச? நீ இல்லன்னு சொல்லணும்னுதான் கேட்டேன். நீ இல்லன்னு சொன்னாத்தான் என்னால வேலைக்குப் போக முடிஞ்சுது."

அவன் அழுது அவள் கேட்டதில்லை. அந்த நாளில்கூட வண்டிக்குச் சொல்லி, வந்தவர்களுக்கு நாற்காலி போட்டு, ஓடிக்கொண்டேதான் இருந்தான். இப்போது வந்த அழுகை அவன் குரலாகவே இல்லை. மெல்லியதாக, விட்டுவிட்டு, மூச்சு முட்டி முட்டி வந்தது. அவள் ஓடிப்போய் மண்டியிட்டு அவன் தலையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அவன் நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்துக்கு அவள் மார்பு சுருக்கென்று இழுத்தது. காலையில் எவ்வளவு பீய்ச்சியும் வராத பால், தானாக இறங்கி, துணியை நனைத்து, அவன் நெற்றியில் வெதுவெதுப்பாகப் பரவியது.