காக்கைக்குப் பிறகு கர்ணன்

ஆற்றோடு வந்தவன் என்பதால் அவனுக்குக் கர்ணன் என்று பெயர். என்ன, இவன் பெட்டியில் வரவில்லை. வாழைத்தண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தான். யுத்தம் தொடங்கிய வருஷத்துக்கு அடுத்த கர்க்கடக மாச மழையில் கிள்ளியாறு பெருகி ஓடியபோது, வலியசாலைப் படித்துறையில் துணி அலசிக்கொண்டிருந்த சூடாமணி, யார் வீட்டுக் கன்றுக்குட்டியோ என்று பதறிப் அலசிய புடவையை முறுக்கி ஒரு முனையை எறிந்தாள். அதைப் பல்லால் கவ்விக்கொண்டு கரையேறியது ஒரு நாய். ஏறியதும் உடம்பை ஒரு உதறு உதறியது. படித்துறையில் இருந்த அத்தனை மாமிகளும் மறுபடி தலைமுழுக வேண்டியதாயிற்று.

சண்டைக்குப் போன ஏதோ ஒரு துரை விட்டுவிட்டுப் போன நாய் என்று பால்கார வேலப்பன் விசாரித்து வந்து சொன்னான். தேடி வர ஆளில்லை. சூடாமணியின் கணவன் ஸ்ரீனிவாசன் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. எதற்கும் சட்டென்று வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனுஷன். “மழை விடற வரைக்கும் இருக்கட்டும்” என்றான். மழை விட்டது, நாய் போகவில்லை.

போவதாவது! கொடியில் காயும் வேட்டியை உருவிக்கொண்டு கொல்லையைச் சுற்றி ஓடுவான். துரத்தினால் அவனுக்கு அது விளையாட்டு. துரத்தாவிட்டால் வேட்டியைக் காலடியில் கொண்டுவந்து போட்டுத் துரத்தச் சொல்லுவான். ஆறு வயசு மகள் சீதா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் பாடம் படித்தாள். ராத்திரி இடி இடித்தால் வீறிட்டு அழுகிற பெண், இப்போது “கர்ணா, பயப்படாதே” என்று அவனுக்குத் தைரியம் சொல்ல ஆரம்பித்தாள். அன்றைக்கே சூடாமணி மனசில் தீர்மானித்துவிட்டாள், இவன் இந்த வீட்டுப் பிள்ளை என்று.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் கண்டிப்பாக இருந்தாள். வந்த புதிதில், காக்கைக்கு வைத்த சாதத்தைக் கர்ணன் இலையோடு விழுங்கிவிட்டான். போன பெரியவர்களுக்குப் போட்ட சாதம் அல்லவா? அதிலிருந்து தினமும் மத்தியானம் அவனைத் துவைக்கிற கல்லின் பக்கத்தில் படுக்க வைத்து, “காக்காக்கு அப்புறந்தான் நோக்கு” என்று விரலை ஆட்டுவாள். காக்கை வந்து கொத்திக்கொண்டு போன பிறகு, “ம், சாப்பிடு” என்பாள். அடித்துப் பழக்கவில்லை, சொல்லிச் சொல்லியே பழக்கினாள். ஜொள்ளு ஒழுக ஒழுக, அவனும் காத்திருக்கக் கற்றுக்கொண்டான்.

கார்த்திகையில் மாமனாரின் திவசம் வந்தது. ஸ்ரீனிவாசனின் அண்ணா பஞ்சாபகேசன் வருஷம் தவறாமல் அதற்காகக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வருவார். ஆசாரம் என்றால் அவருக்குப் பிராணன். அவர் வாய்ச்சொல்லை அந்த வீட்டில் யாரும் தாண்டியதில்லை.

“அண்ணா கண்ணிலே இந்தப் பட்டி பட்டா மறுநாளே போயிடும், கேட்டியோ” என்றான் ஸ்ரீனிவாசன். அந்த ஊர்ப் பேச்சில் நாய்க்குப் பட்டி என்றுதான் பெயர். “திவசத்தை நாய் பாக்கப்படாது. அவர் போன்னு சொன்னா நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.”

“நீங்க எப்பத்தான் எதிர்த்துப் பேசியிருக்கேள்?” என்றாள் சூடாமணி. ஆனாலும் விடியற்காலையில் அவளே கர்ணனைக் கொல்லைக் கோடியில் இருந்த விறகுப்புரையில் அடைத்து, கடிக்க ஒரு பழம்புடவையும் கொடுத்துக் கதவைச் சாத்தினாள்.

மடிப்புடவையோடு அடுப்படியில் நின்றவளுக்குக் கை வடை தட்டியது, காது விறகுப்புரையில் இருந்தது. நல்லவேளை, கர்ணன் குரைக்கவில்லை. ஹோமம் ஆயிற்று, பிராமணர்கள் சாப்பிட்டாயிற்று. கடைசியாகக் காக்கைக்கான பிண்டத்தை அண்ணா கொல்லையில் இலையில் வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றார்.

காக்கை வரவில்லை.

“கா, கா” என்று கூப்பிட்டார் அண்ணா. ஸ்ரீனிவாசனும் கூப்பிட்டான். திவசம் பண்ணிவைக்க வந்த வாத்தியார் கைதட்டிப் பார்த்தார். தென்னை மட்டையில் வரிசையாக உட்கார்ந்திருந்த காக்கைகள் ஒன்றுகூட அசையவில்லை. வெயில் ஏறியது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத அண்ணா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

“நான் என்ன குறை வச்சேன்?” என்றார் அவர். “கடைசி நாள்லே அப்பா என்னைப் பாக்கணும்னு கேட்டுண்டே இருந்தாராம். ரயிலைப் பிடிச்சு வரத்துக்குள்ளே போயிட்டார். அந்தக் கோபம் இன்னும் தீரல்லே போலிருக்கு.”

இத்தனை வருஷமாக அவருடைய அதட்டலை மட்டுமே கேட்டிருந்த சூடாமணி அடுப்படியிலிருந்து கொல்லைக்கு வந்தாள். தலையைத் தூக்கிக் காக்கைகளைப் பார்த்தாள். அவை பிண்டத்தைப் பார்க்கவே இல்லை. துவைக்கிற கல்லின் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவளுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. கர்ணன் அங்கே படுத்தால்தான் அவற்றுக்குச் சாப்பாட்டு நேரம். அவன் இருந்தால் பூனை வராது, யாரும் கல்லெறிய மாட்டார்கள். அவனில்லாமல் அவை இறங்கப்போவதில்லை. ஆனால் அவனை வெளியே விட்டால் அண்ணா பார்த்துவிடுவார். பார்த்தால் கர்ணன் போனான். சீதாவுக்கு என்ன பதில் சொல்வது?

கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெரிய மனுஷரை இன்னொரு தடவை பார்த்தாள். ‘வருகிறது வரட்டும்’ என்று நேரே போய் விறகுப்புரைக் கதவைத் திறந்தாள்.

பழம்புடவையின் கிழிசல் ஒன்று காதில் தொங்க, பாய்ந்து வந்தான் கர்ணன்.

“நாய்! நாய்!” என்று அண்ணா அலறினார். ஸ்ரீனிவாசன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். கர்ணன் இலையை நோக்கி ஓடினான். இலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, துவைக்கிற கல்லின் பக்கத்தில் பொத்தென்று படுத்து, முன்னங்கால்மேல் தாடையை வைத்துக்கொண்டு தென்னையை அண்ணாந்து பார்த்தான்.

முதலில் ஒரு காக்கை இறங்கியது. பின்னாலேயே கூட்டம் முழுவதும் இறங்கியது. பிண்டம் இருந்த இடம் தெரியவில்லை.

“எடுத்துடுத்து!” என்று கூவினார் வாத்தியார். பசி அவருக்கும்தான். அண்ணாவின் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “யமதர்மன் வாசல்லே ரெண்டு நாய் காவல் நிக்கறது, ஓய். அதுகளைத் தாண்டித்தான் பித்ருக்களே வரா. இது ஒண்ணையும் தொடக்கூட இல்லை. மனசைக் குழப்பிக்காதேயும்.”

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அண்ணா என்ன சொல்லப்போகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பரிமாறினாள் சூடாமணி. கையலம்பக் கொல்லைக்குப் போனவர் அங்கேயே நின்றார்.

“என்னத்துக்கு இது இன்னும் படுத்துண்டிருக்கு?”

“சாப்பிடுன்னு சொல்லணும் அண்ணா. சொன்னாத்தான் எழுந்திருக்கும்” என்றாள் சூடாமணி.

“காலம்பறலேந்து இதுவும் பட்டினியா?” என்றார் அண்ணா. “திவசத்துச் சாதம் இதுக்கு ஆகாது. வேற என்ன இருக்கு?”

பாலும் நேந்திரம்பழமும் கொண்டுவந்தாள். அவரே வாங்கி, பழத்தை உரித்துப் பாலில் பிசைந்து, மடி போகாதபடி எட்ட நின்று தேங்காய்ச் சிரட்டையைத் தள்ளி வைத்தார். “ம், சாப்பிடு” என்றார்.

கர்ணன் சிரட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்த வேகத்தில் இரண்டு காலையும் தூக்கி அண்ணாவின் தோளில் போட்டு, தாடையிலிருந்து நெற்றி விபூதிவரை ஒரே நக்காக நக்கினான்.

அண்ணா அசையாமல் நின்றார். பிறகு, கர்ணனின் காதில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த கிழிசலை மெதுவாக எடுத்துப் போட்டார்.

“ஸ்ரீனிவாசா, கிணத்துலேந்து ஒரு வாளி இழுடா. குளிச்சுடறேன்” என்றார். சூடாமணியின் பக்கம் திரும்பி, “அடுத்த வருஷம் இதை உள்ளே அடைக்காதே. காக்கா பயப்படறது பாவம்” என்றார்.

அடுத்த வருஷம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சூடாமணி துவைக்கிற கல்மேலேயே உட்கார்ந்து, மடியாவது ஒன்றாவது என்று கர்ணனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.