கறி சுட்டவனுக்கு ஒரு கைதட்டு

இரண்டு நாள் கார் ஓட்டியதில் எலியூதேரியோவின் இடுப்பு விட்டுப்போயிருந்தது. புல்வெளி முடிந்து தெற்கே பதகோனியாவின் முட்புதரும் காற்றும் தொடங்கி வெகுநேரமாகியும் மகள் இருக்கும் எஸ்கெல் ஊர் வந்தபாடில்லை. சாலையோரம் ஒரு சாப்பாட்டுக் கடை தென்பட்டதும் மனைவி தெல்ஃபினா வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

உட்கார்ந்ததும் எலியூதேரியோ மாட்டு விலா கேட்டார்.

"இங்க ஆட்டுக்குட்டி மட்டும்தான் ஐயா," என்றாள் பரிமாற வந்த பெண்.

அவர் முகம் சுண்டிவிட்டது. மாடு வளர்க்கும் சாந்தா ஃபே மாகாணத்து ஆளுக்கு மாட்டை விட்டால் வேறெதுவும் கறியே இல்லை. இந்த வீம்புதான் மூன்று வருடமாக வீட்டைப் பாழாக்கி வைத்திருக்கிறது. மகள் எல்விராவின் கல்யாணத்தில் மாப்பிள்ளை நாவெல் விடியுமுன் எழுந்து, ஆட்டுக்குட்டிகளை இரும்புச் சிலுவைகளில் விரித்துக் கட்டி, நெருப்பைச் சுற்றி நட்டு, தன் கையாலேயே சுட்டான். பந்தி நடுவில் வழக்கம்போல் யாரோ "கறி சுட்டவனுக்கு ஒரு கைதட்டு" என்று குரல் கொடுக்க, கூடியிருந்த அத்தனை பேரும் தட்டினார்கள். பெண்ணைப் பெற்றவர் மட்டும் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். எங்கள் நாட்டில் ஒருவனை அவமானப்படுத்த அதற்குமேல் ஒன்றும் செய்ய வேண்டாம். மகள் அப்பாவோடு பேச்சை முறித்துக்கொண்டாள். பேத்தி பிறந்ததுகூட யாரோ சொல்லித்தான் தெரியும். இப்போது யாரும் அழைக்காமலே கிளம்பி வந்திருக்கிறார்கள், மகள் கதவைத் திறப்பாளா மாட்டாளா என்று தெரியாமல்.

"கிழவா, நாளைக்கும் அவன் ஆட்டுக்குட்டிதான் சுடுவான்," என்றாள் தெல்ஃபினா. "அப்பவும் கையைத் தொடையில வச்சுக்கிட்டு உக்காந்தேன்னா, நான் அங்கேயே தங்கிடுவேன். நீ தனியா வண்டி ஓட்டிட்டுப் போ."

"முதல்ல உள்ள விடட்டும், கிழவி. அப்புறம் கையைப் பத்திப் பேசலாம்."

கறி வந்தது. தோல் மொறுமொறுவென்றிருந்தது, உள்ளே தொட்டாலே எலும்பிலிருந்து கறி கழன்று வந்தது. நன்றாக இருந்ததுதான் அவருக்கு எரிச்சல். ஆனாலும் தின்றார்.

"எப்படி இருக்கு?" என்றாள் தெல்ஃபினா.

"சாப்பிடலாம்."

"எலும்பு மட்டும்தான் மிச்சம். கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான் ரெண்டு தட்டு காலி பண்ணினே. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவருக்குச் சண்டை போடத் தெம்பில்லை. பிறகு கைகளைத் துடைத்துக்கொண்டு, ஒரு முடிவுக்கு வந்தவராகக் கைதட்டத் தொடங்கினார். காசு கொடுத்துச் சாப்பிடும் இடத்தில் யாரும் தட்டுவதில்லை. பக்கத்து மேசை லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பரிமாறிய பெண் ஓடி வந்தாள்.

"கூப்பிட்டீங்களா ஐயா? பில்லா?"

"இல்லம்மா. இது கறி சுட்டவருக்கு."

"அவரா? கறியை இறக்கின கையோட வீட்டுக்குப் போயிட்டாரே ஐயா. இருட்டோட வந்து நெருப்பு மூட்டுற மனுசன், பாவம். வந்தா சொல்றேன்."

எலியூதேரியோவின் கைகள் இறங்கின. வெட்கமாக இருந்தது, அதைவிட அசதியாக இருந்தது. தட்ட வேண்டிய நேரத்தில் தட்டாமல் இப்போது தட்டினால் யாருக்குக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டார்.

துடைத்தும் பிசுக்குப் போகாத அந்தக் கையைத் தெல்ஃபினா பிடித்து இழுத்தாள்.

"எந்திரி கிழவா. நமக்குக் கறி சுட்டவன் அவன் வீட்டுலதான் இருப்பான்."