பட்டர் ஃப்ரூட் மரமும் ஒரு சைஸ் பெரிய பாரும்

ஹெர்பர்ட் எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவார். வளருகிற பிள்ளைக்கு ஷூ பெரிதாக வாங்குவது ஊரில் எல்லாரும் செய்வதுதான். ஹெர்பர்ட் அதோடு நிற்கிற ஆள் இல்லை. மூன்று பேர் இருக்கும் வீட்டில் பந்திக்குப் பொங்குகிற குக்கர். அந்தக் குக்கரையும் சேர்த்துத் துவைக்கலாம் போல ஒரு வாஷிங் மெஷின். மகள் நோரா ஏழாம் வகுப்பில் ஓட்டப்பந்தயம் ஓடியபோது, காகிதம் திணித்த ஷூ காலை விட்டுக் கழன்று பறந்து அவளுக்கு முன்னால் கோட்டைத் தாண்டியது. "பாத்தியா, நம்ம ஷூதான் ஃபர்ஸ்ட்டு!" என்று எழுந்து கைதட்டிய ஒரே தகப்பன் அவர்தான்.

இப்படிப்பட்ட மனிதர் கையில் மரம் அறுக்கும் செயின்சா கிடைத்தால் என்ன ஆகும்?

லிங்கராஜபுரத்து வீட்டில், கேட்டை ஒட்டி நின்ற பட்டர் ஃப்ரூட் மரத்தின் கிளைகளைக் கழிக்கத்தான் அதை வாங்கினார். முப்பத்தெட்டு சிசி எஞ்சின். அதோடு வந்த பார், அதாவது பல்வைத்த செயின் சுற்றி ஓடுகிற நீட்டு இரும்புத் தகடு, பதினாறு அங்குலம். ஹெர்பர்ட்டுக்கு அது விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரிந்தது. நேரே ஜே.சி. ரோட்டு மெஷின் கடைக்குப் போய் இருபத்துநாலு அங்குல பாரும் பெரிய பல் செயினும் கேட்டார்.

"இந்த மெஷினுக்குத் தாங்காது சார்," என்றார் கடைக்காரர். "பல்லு பெருசா கடிச்சா இழுக்கறதுக்குப் பவர் வேணாமா? பதினாறு போடுங்க. மிஞ்சிப் போனா பதினெட்டு."

"இப்பத் தாங்காது. போகப் போகச் சரியாயிடும்."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பொட்டலம் கட்டினார். பார் மெஷினில் உட்காரவில்லை. அதற்கெல்லாம் அசருகிறவரா ஹெர்பர்ட்? பொம்மசந்திராவில் தான் சூப்பர்வைசராக இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் பாரின் ஓட்டையை அரத்தால் ராவி உட்கார வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் அதைத் தூக்கிக் காட்டினார். மரத்தை மட்டும் கழிக்கவில்லை. காய் இருக்கிறது, பூ இருக்கிறது, நோராவின் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

மரம் அதுவரை பொறுக்கவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் அடித்த மே மாத மழையில் வேரோடு சாய்ந்து கேட்டின் மேலேயே படுத்துவிட்டது.

விடிந்து பார்த்தால் வாசலில் ஒரு காடு கிடந்தது. பத்து மணிக்குச் சர்ச்சில் கல்யாணம். மாப்பிள்ளை கிஷோர் அங்கே ரெடி. பெண் இங்கே சிறையில். கார்ப்பரேஷனுக்குப் போன் போட்டால், ஊர் பூரா மரம் விழுந்திருக்கிறது, மத்தியானத்துக்கு மேலேதான் ஆள் வரும் என்றார்கள். மதில் மேல் திருடனுக்காக ஹெர்பர்ட் பதித்துவைத்த கண்ணாடிச் சில்லுகள் இருந்தன. அவையும் ஒரு சைஸ் பெரியவைதான்.

பக்கத்து வீட்டு நாணு கையில் இட்லித் தட்டோடு மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். "ஏணி போடட்டா சார்? நோராவை அப்படியே இந்தப் பக்கம் இறக்கிடலாம்."

"வெள்ளை கவுனோட, கண்ணாடிச் சில்லு மேலயா?" என்று கத்தினாள் ஹெர்பர்ட்டின் மனைவி பிரபா.

"ஏணியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் இருக்கேன்," என்ற ஹெர்பர்ட் பனியனோடு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டி, செயின்சாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். மகளைக் கைபிடித்துச் சர்ச்சுக்குள் கூட்டிப் போவதற்காகத்தான் இத்தனை வருஷமும் உழைத்தது. அதை ஒரு பட்டர் ஃப்ரூட் மரத்திடம் விட்டுக்கொடுப்பதா?

கயிற்றை இழுத்தார். மெஷின் தெருவே அதிர உறுமியது. காற்றில் செயின் பிரமாதமாக ஓடியது. மரத்தைத் தொட்டதும், விருந்தில் மூன்றாம் தரம் பிரியாணி வைக்கப்பட்ட ஆள் போல முனகிக்கொண்டு நின்றுவிட்டது. மறுபடி இழுத்தார். மறுபடி முனகல். நீட்டிய பாரின் கனத்தில் மெஷின் குப்புறச் சாய, ஹெர்பர்ட்டும் கூடவே சாய்ந்தார். பாரின் நுனி வரைக்கும் எண்ணெய் போய்ச் சேராததால் அங்கே புகை வந்தது. கடைசியில் செயின் தொளதொளவென்று தொங்கி, பாரின் பள்ளத்தை விட்டே நழுவியது. மரத்தில் எலி கடித்த அளவுக்கு ஒரு காயம்.

"மரம் அறுக்கறீங்களா, கல்யாணச் சமையலுக்கு அடுப்பு மூட்டறீங்களா சார்?" என்றார் நாணு.

பாதி வாரிய தலையோடு, கவுனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நோரா வாசலுக்கு வந்தாள். மணப்பெண்ணுக்குக் கோபம் வரக்கூடாது என்று எந்த வேதத்திலும் இல்லை.

"டாடி, அது மெஷின். அது வளராது."

ஹெர்பர்ட் மெஷினைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னார். "சின்னதையே போட்டுடலாம். பழைய பார் எங்க பிரபா?"

"வாஷிங் மெஷின் ஆடுதுன்னு அண்டக் குடுத்தீங்களே. அது அடியிலதான் கிடக்கு."

மணப்பெண் கவுனை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பக்கம், தாயும் தகப்பனும் மறுபக்கம். தள்ளிய தள்ளில் வாஷிங் மெஷின் நகர்ந்தது. பார் சோப்புத் தூளோடு வெளியே வந்தது. பழைய செயின் பொட்டலம் பிரிக்காமலேயே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. துடைத்து, மாட்டி, முறுக்கி, கயிற்றை இழுத்தால், அடடா! அதே எஞ்சின்தான். பூசணிக்காய் நறுக்குவது போலக் கிளை கிளையாக விழுந்தது. அடிமரத்தையும் துண்டு போட்டார். நாணு இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியிலிருந்து இழுத்துப் போட்டார். கேட் முனகிக்கொண்டு திறந்தது. நேரம் இன்னும் கொஞ்சம் கையில் இருந்தது.

நோராவின் ஷூ மேலெல்லாம் மரத்தூள். கோட்டு மாட்டி வந்த ஹெர்பர்ட் கீழே உட்கார்ந்து கைக்குட்டையால் துடைத்தார். பழக்க தோஷம், விரலுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். இடம் இல்லை. மகளின் கால்விரல் அங்கேயே இருந்தது.

"டைட்டா இருக்கேம்மா?"

"டைட்டு இல்ல டாடி. என் சைஸ். நான் வளந்து முடிச்சிட்டேன்."

ஹெர்பர்ட் குனிந்தபடியே, துடைத்த ஷூவை இன்னொரு தரம் துடைத்தார். எழுந்தால் கண் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம்.

சர்ச்சில் மகளைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போய்ப் பீடத்தின் முன்னால் நிறுத்தினார். மாப்பிள்ளையின் வலதுகையைப் பிடிக்கும்படி பாஸ்டர் சொன்னார். நோரா பிடிக்கப் போனாள். கை இருக்கவேண்டிய இடத்தில் கோட்டுதான் இருந்தது. மாப்பிள்ளைக்குக் கோட்டு எடுத்துக் கொடுப்பது பெண் வீட்டு வழக்கம். கடைக்குப் போனவர் ஹெர்பர்ட். நோரா பொறுமையாகக் கோட்டுக் கையை இரண்டு மடிப்பு மடித்து, உள்ளே இருந்த கிஷோரின் விரல்களைக் கண்டுபிடித்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிறகு திரும்பித் தகப்பனை ஒரு பார்வை பார்த்தாள்.

ஹெர்பர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரபாவின் காதருகே குனிந்தார்.

"அவ முடிச்சிட்டா, சரி. மாப்பிள்ளை ஒரு வருஷம் உன் கைச் சாப்பாடு சாப்பிடட்டும், வளருவார் பாரு."