கை எட்டும் உயரம்

1

“அது அழுக்குதானே மக்கா? நீயே சொல்லு.”

“அழுக்குதான் மாமி.”

“பின்ன எதுக்கு அவ அப்பிடி நின்னா?”

இந்தக் கதை இந்தக் கேள்வியில் பிறந்தது. [பிறந்தது என்பது பெரிய சொல். ஜெராக்ஸ் மெஷின் சூடாகட்டும் என்று காத்திருந்தபோது காதில் விழுந்தது, அவ்வளவுதான்.] கேட்டவர் செல்லபாய் மாமி. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகும் சாலையில் இருக்கும் எங்கள் கட்டடத்தைச் சுத்தம் செய்பவர். கீழே கடைகள், மேலே வீடுகள். என் கடை படிக்கட்டுக்கு அடியில். மாமியின் வாளியும் மாப்பும் என் மேசைக்குப் பின்னால்தான் இருக்கும்.

தனுவச்சபுரம் கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கி நோட்ஸ் நகலெடுக்க வரும் நேரம் போக, மீதி நேரமெல்லாம் நாவல் வாசிப்பேன். தூரதேசத்து நாவல்கள், மொழிபெயர்ப்பில். பனியை நான் பார்த்ததில்லை. ஆனால் பனியில் நடப்பவர்களின் மனது எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மேசைக்குப் பின்னால் மாப்பு பிழிகிறவரின் மனதுதான் தெரியவில்லை.

[கடைசி வாக்கியம் அழகாக இருக்கிறது. அதனாலேயே அதன்மேல் எனக்குச் சந்தேகம்.]

2

முதல் தொடக்கம்: “முத்துக்குமாரசாமி இறந்த அன்று மழை

மழை இல்லை. விட்டுவிட்டேன்.

இனி நடந்ததை நடந்தபடி. இரண்டாவது மாடியில் தனியாக இருந்த முத்துக்குமாரசாமி சார், தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், தூக்கத்திலேயே போய்விட்டார். மகள் ஸ்ரீகலா மஸ்கட்டில். விமானம் தாமதமானதால் நேராகத் தகன மேடைக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். அவர்கள் வழக்கப்படி உடலை எடுத்ததும் வீட்டைக் கழுவ வேண்டும். ஆனால் உறவுப் பெண்கள் எல்லாரும் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். கட்டடத்துச் செக்ரட்டரி மோகனன் படியில் நின்று கூப்பிட்டார்.

“செல்லபாயீ, பாடி எடுத்தாச்சு. மகள் வருகதுக்கு முன்ன வீட்ட ஒண்ணு கழுவி விடணும், கேட்டியா?”

அவர் மனதில் இருந்தது நாலு வாளித் தண்ணீர். மாமியின் மனதில் இருந்தது வேறு. மாமியின் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் பெண்கள் கூடி ஆலயத்தைக் கழுவுவார்கள். தரையோடு நிறுத்துவதில்லை. சுவரையும் கை எட்டும் உயரம்வரை தேய்ப்பார்கள். மாமிக்குக் கழுவுவது என்றால் அதுதான்.

“செத்த வீடாக்கும். தரைய மட்டும் நனச்சிட்டு எறங்கினா கர்த்தருக்க மொகத்துல எப்பிடி முழிக்க?”

அப்படித்தான் அந்தக் கறை போனது.

3

கறையைப் பற்றி.

சார் தலையில் காய்ச்சின எண்ணெய் இல்லாத நாள் கிடையாது. சுவரோரம் நாற்காலி போட்டுச் சாய்ந்து உட்காருவார். தலை படும் இடத்தில் சுவர் கறுத்து, பளபளத்து, வட்டமாகிவிட்டது. மகளோடு வீடியோ காலில் பேசுவதும் அங்கிருந்துதான்.

“எந்த இடத்தில் மாமி?”

“அத ஆரு பாத்தா? மொத்தச் சுவரையும் ஒரே வீச்சில தேச்சேன். நாலஞ்சு கறை உண்டு. எது சாருக்க தலைன்னு கறையில எழுதியா இருக்கு?”

ஆகவே நானே ஓர் இடம் கொடுத்தேன். “சுவிட்ச் போர்டுக்கு ஒரு சாண் கீழே, சற்றே இடப்பக்கம், சிறிய தட்டு அளவில்.” கூடவே “ஒளிவட்டம் போல” என்று எழுதி, வெட்கப்பட்டு அடித்தேன்.

* அந்த வீட்டுக்குள் நான் போனதே இல்லை. சுவிட்ச் போர்டு என் கற்பனை. வட்டம் அந்தரத்தில் தொங்கக் கூடாதே என்று வைத்தது.

எழுதியதை மாமிக்கு வாசித்தேன்.

“ஆமா மக்கா. போர்டுக்கு அடியிலதான்.”

“நெசமாவா மாமி? தெரியாதுன்னு சொன்னீங்க?”

“நீ எழுதியிருக்கேல்லா?”

அவருக்கு நினைவு வந்ததா, என் வாக்கியம் நினைவாக மாறிவிட்டதா? இதுவரை எனக்குத் தெரியாது.

4

அன்று சாயங்காலம் ஸ்ரீகலா வந்தபோது மாமி வாளியோடு வாசலில் நின்றிருக்கிறார். நன்றாகக் கழுவியிருக்கிறாய் என்று ஒரு சொல் வரும் என்று காத்திருந்திருக்கிறார். ஸ்ரீகலா சுவரைப் பார்த்தபடி நின்றாராம்.

“சேச்சி, அப்பாவுக்க தல இருந்த எடம் எங்க?”

பிறகு, கேட்காமலே சொன்னாராம்: “நான் போன்ல பேசும்போ அப்பா இடையில மருந்து எடுக்க எந்திச்சு போவாங்க. ஸ்கிரீன்ல அந்த வட்டம் மட்டும் இருக்கும். நான் அதுகிட்ட பேசிட்டே இருப்பேன்.” அதற்கும் பிறகு: “சாரமில்ல சேச்சி.”

பரவாயில்லை என்று அர்த்தம். மாமியை அதுதான் உடைத்தது.

“ஏசியிருந்தா நானும் ரெண்டு சொல்லிட்டு எறங்கியிருப்பேன். சாரமில்லன்னு சொன்னா, நான் என்னத்த சொல்ல?”

மறுநாளிலிருந்து மாமியின் வேலை மாறிப்போனது. என் கண்ணாடிக் கதவில் பிள்ளைகளின் கைத்தடம் அப்படியே கிடந்தது. துணியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: “இத தொடைக்கட்டா?” இத்தனை காலத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

“தொடைங்க மாமி. அது வெறும் கைதானே.”

“கைதான். எது அழுக்கு, எது ஆளுன்னு எனக்கு இப்ப பிடி கிட்டல்ல மக்கா.”

படிக்கட்டில் மண் சேர்ந்தது. மோகனன் வந்து சத்தம் போட்டார். “செல்லபாயீ, வேல செய்ய வய்யேன்னா சொல்லணும். காட்டாக்கடையில ஆளுக்கு பஞ்சமொண்ணும் இல்ல.”

மாமி வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த வேலை அவருக்கு வேண்டும். செய்யத்தான் கை வரவில்லை.

5

முடிவுகள்.

அ) மாமி ஒரு துணியில் காய்ச்சின எண்ணெயை முக்கிக்கொண்டு போய், யாருக்கும் தெரியாமல் சுவரில் வட்டம் போடுகிறார்.

வாசித்ததும் மாமி சொன்னது: “கள்ளக் கறையா? சாருக்க தலையில்லாமலா?”

ஆ) ஒரு காலையில் கறை தானாகவே சுவரில் திரும்பி வருகிறது. [நான் வாசிக்கும் நாவல்களில் இப்படி நடக்கும். யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.]

மாமி: “ஈரம் கெடந்தா பூஞ்சை வரும். தல வராது.”

இ) மாமியே சொன்ன முடிவு: “நான் தரைய மட்டும் கழுவிட்டு எறங்கினேன்னு எழுது. அவ வந்து பாக்கட்டு. வட்டம் அங்கயே கெடக்கட்டு.”

“அப்படி எழுதினா கதையே இல்ல மாமி.”

“இல்லாட்டா போகட்டு. ஒனக்கு கதையா பெரிசு?”

இதற்குப் பதிலாக ஒரு வாக்கியம் தொடங்கினேன். எனக்குக் கதை

6

நான்காவது முடிவை யோசித்துக்கொண்டிருந்தபோது, இன்று காலை ஸ்ரீகலா சாவியோடு என் கடைக்கு இறங்கி வந்தார். பதினாறு கழிந்துவிட்டது. வீட்டைப் பூட்டிவிட்டு மத்தியானம் கிளம்புகிறார். மாமி என் மேசையருகே வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

“சேச்சி, ஒண்ணு மேல வரணும். அந்த எடத்தில கை வச்சு காட்டித் தந்தா போதும். நாற்காலியும் கொடுத்து விட்டாச்சு. நான் ஸ்கிரீன்ல பாத்ததுதான், சுவரில எங்கன்னு எனக்கு தெரியல்ல. ஒரு நேரம் அங்க தல சாய்ச்சிட்டு பூட்டிருவேன்.”

மாமி குழாயை மூடினார். கையைச் சேலையில் துடைத்தார். அந்தக் கை எங்கே வைத்தாலும் அதுதான் இடம் என்று ஸ்ரீகலா நம்பிவிடுவார். மாமிக்கும் அது தெரிந்திருந்தது. முகத்தில் தெரிந்தது. [என்று நினைக்கிறேன். முகங்களில் எனக்கு நம்பிக்கை குறைந்துவருகிறது.]

இதை வாசிப்பவரே, என் நாற்காலிக்குக் கொஞ்சம் வாருங்கள். மேசைமேல் மூன்றாம் பகுதி எழுதிய தாள் கிடக்கிறது. அந்தச் சுவரில் சுவிட்ச் போர்டு உண்டா என்றுகூட நமக்குத் தெரியாது.

மாமி என் பக்கம் திரும்பினார்.

“மக்கா, நீ எழுதி வச்சிருக்கேல்லா, எந்த எடம்னு. அத ஒருக்கா வாசி. இவளும் கேக்கட்டு.”