பெல்ட்சர் மில்லில் பன்னிரண்டு நிமிடம்

1.

இந்தக் கதை நான் எழுதிய ஒரு தவறான எண்ணிலிருந்து வந்தது. எழுத வேண்டிய எண் முப்பத்தாறு. எழுதியது இருபத்திரண்டு. கை தவறவில்லை. தெரிந்தேதான் எழுதினேன்.

இதைச் சொல்லாமலே கதையை முடித்துவிடலாம் என்று பார்த்தேன். மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: “வெர்னா ஹ்லாவாசெக் வீட்டு நிலவறையில் 1954ஆம் ஆண்டின் அக்டோபர் ஒருபோதும் முடிவதில்லை.” (அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகம் வந்தது. எடுத்துவிட்டேன்.)

இரண்டாவது: “அந்தப் புகைப்படத்தில் இரண்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். அவர்களுடைய சட்டை—” (இங்கேயே நிறுத்திவிட்டேன். அதற்குள் அங்கே போகக் கூடாது.)

மூன்றாவது: “வெர்னாவுக்கு அறுபத்து மூன்று வயது.” இது நின்றது. உண்மை, யாரும் சரிபார்க்கலாம்.

2.

வெர்னாவுக்கு அறுபத்து மூன்று வயது. ஒஹாயோவில் ஒரு சிறு நகரத்தின் குடிநீர் ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள். (நேரில் மரியாதையாகத்தான் பேசுவேன். கதைக்குள் ‘அவர்’ என்று எழுதினால் அறையின் மறுமூலைக்குப் போய்விடுகிறாள். அதனால் ‘அவள்’.)

அவள் வீட்டு நிலவறையில், நான்கு சுவர்களையும் ஒட்டி, நெஞ்சு உயரத்தில் ஒரு குட்டி ரயில் பாதை ஓடுகிறது. எல்லாம் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. ஹார்மன் வேலி என்ற பழைய கிளைப்பாதை, ஏழு நிலையங்கள். ஜல்லிக்கு நிஜக் கல்லையே பொடித்துச் சலித்திருக்கிறாள். சரக்குப் பெட்டிகளின் துரு, சுண்ணக்கட்டித் தூளைத் தூரிகையால் தேய்த்து வரவழைத்தது.

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மதியம் நாங்கள் கூடுவோம். அங்கே ரயிலைச் சும்மா சுற்றவிடுவது கிடையாது. ஒவ்வொரு வண்டிக்கும் 1954ஆம் வருட அட்டவணை உண்டு, ஓட்டுநர் உண்டு, கண்டக்டர் உண்டு. சுவர்க் கடிகாரம் நான்கு மடங்கு வேகமாக ஓடும்: அதில் பன்னிரண்டு நிமிடம் என்றால் நமக்கு மூன்று நிமிடம். வெர்னா மூலை மேசையில் காதில் பழைய கம்பிப் போன் மாட்டிக்கொண்டு எல்லா வண்டிகளுக்கும் உத்தரவு கொடுப்பாள். யாராவது கைபேசியை வெளியே எடுத்தால், “அது என்ன டப்பா? அம்பத்து நாலுல அது கிடையாதே” என்பாள்.

ஐந்தாவது நிலையம் பெல்ட்சர் மில். ஒரு மாவு மில், சின்ன ஸ்டேஷன், குறுக்கே ஒரு சாலை. நிஜப் பாதையை 1961லேயே பிடுங்கிவிட்டார்கள். அந்த ஊரில் வெர்னாவுக்குச் சொந்தமும் இல்லை, நினைவும் இல்லை. அவள் அங்கே போனதே கிடையாது. அதைச் சரியாகக் கட்டுவது கடினம் என்பதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. கையில் இருந்தது ஒரே ஒரு புகைப்படமும் ஒரு பழைய அட்டவணையும். நான்கு வருடம் கட்டினாள். மில் கூரையின் ஓடுகளை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் வெட்டி ஒட்டினாள்.

அட்டவணைப்படி நாற்பத்து மூன்றாம் எண் சரக்கு வண்டி அங்கே 10:40க்கு வந்து, மில்லுக்கு ஒரு பெட்டியை விட்டுவிட்டு, 10:52க்குக் கிளம்ப வேண்டும். பன்னிரண்டு நிமிடம். ஓட்டுநர் ஓரின் டீக். ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். நிலவறைப் படியில் இறங்கும்போதெல்லாம் உத்தரத்தில் தலையை இடித்துக்கொள்கிற உயரம். கண்டக்டர் நான். அந்தப் பன்னிரண்டு நிமிடம் எங்களுக்கு ஒருமுறைகூட வாய்த்ததில்லை; எப்போதும் முப்பத்தாறு ஆகும்.

“நாப்பத்து மூணு, எங்க இருக்க?” வெர்னாவின் குரல் போனில்.

“பெல்ட்சர் மில்லுலதான். மாவு அரைச்சு ரொட்டி சுட்டுக்கிட்டு இருக்கோம். உனக்கு ஒண்ணு எடுத்து வைக்கவா?”

“உன் பின்னால பாசஞ்சர் வண்டி நிக்குது ஓரின். உள்ள அறுபது பேரு.”

“அறுபதும் பிளாஸ்டிக்கு. பசிக்காது.”

“பஸ்ஸும் இப்படித்தான் ஓட்டுனியா? பிள்ளைங்க இறங்குறப்ப மீசை மொளச்சிருக்குமே.”

ஓரின் சிரிப்பார். ஆனால் காது சிவந்துவிடும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பவள் நான். என் கையில் நேரம் குறிக்கும் தாள். முப்பத்தாறு என்று எழுதாமல்—

(சொல்லிவிட்டேனே. அடுத்தது.)

3.

ஒரு பிரதியில் உண்மையைக் கண்டுபிடிப்பவர் ஓரின்: “பெட்டி நகரும்வரை பொழுது போகாமல் ஓரின் சுவரில் மாட்டியிருந்த புகைப்படத்தைப் பார்த்தார். ஏதோ உறுத்தியது. கண்ணாடியை—”

இது நடக்காது. ஓரினுக்கு எதுவும் உறுத்தாது. அவரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். இரண்டு நாள் அவரை அந்தப் படத்தின் முன்னால் நிற்க வைத்தேன். ஒன்றும் பார்க்காமல் காபி குடித்தார்.

கண்டுபிடித்தவள் நான். பெருமையாகச் சொல்லவில்லை. ஏழு மாதம் தாமதமாக்கியவளும் நான்தான்.

மே மாதம் ஓரினுக்கு முழங்கால் வலி. அவருக்குப் பதில் நானே ஓட்டினேன். முப்பத்தாறு நிமிடம். அப்போதுதான் உறைத்தது. ஆய்வகத்தில் இது முதல் பாடம் என்று வெர்னா சொல்வாள்: இரண்டு வேறு கைகள் ஒரே பிழையைச் செய்தால், பிழை கையில் இல்லை.

(பக்கத்தின் அடியில் வர வேண்டிய குறிப்பு, தவிர்க்க வேண்டாம்: எஞ்சின் முன்னால், பெட்டி பின்னால். மில்லுக்குப் போகும் கிளை நமக்குப் பின்பக்கமாகப் பிரிந்தால், அதைக் கடந்து போய் நின்று, பெட்டியைப் பின்னால் தள்ளினால் வேலை முடிந்தது. முன்பக்கமாகப் பிரிந்தால், எஞ்சின் பெட்டியைக் கழற்றிவிட்டு, பக்கத்துத் தண்டவாளத்தில் சுற்றி வந்து, மறுபக்கம் மாட்டித் தள்ள வேண்டும். வெர்னாவின் பெல்ட்சர் மில்லில் அது முன்பக்கமாகப் பிரிந்தது.)

வீட்டில் அந்த ஊரைத் தாளில் வரைந்தேன். தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். இடம் வலமாக மாறிய ஊரில் மனதுக்குள் வண்டியை அதே திசையில் ஓட்டினேன். பன்னிரண்டு நிமிடம் வந்தது.

4.

ஜூன் மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் சாப்பிட மேலே போனார்கள். ஒரு பெண் மட்டும் போகவில்லை என்பதை வெர்னா கவனித்தாள். அதிகம் பேசாத பெண். நேரத்தாளை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். (அது நான். வெர்னாவின் பக்கமிருந்து எழுதினால்தான் பேனா ஓடுகிறது.)

“என்ன கண்ணு, சாண்ட்விச் பிடிக்கலையா?”

“முப்பத்தாறு.”

“என்ன முப்பத்தாறு?”

“நாப்பத்து மூணாம் வண்டி. இருபத்திரண்டுன்னு எழுதினேன். ஏழு மாசமா. எப்பவுமே முப்பத்தாறுதான்.”

வெர்னா மேசை விளிம்பில் உட்கார்ந்தாள். “என் லேப்ல ஒருத்தன் இப்படித்தான். அளக்காமலே, நாற்காலியில உக்காந்தபடியே தண்ணிச் சூட்டை எழுதினான். அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டேன்.”

“சொல்லியிருக்கீங்க.”

“தெரிஞ்சும் ஏன் செஞ்ச?”

“நீங்க அவரைத் திட்டுவீங்கன்னு.”

படியில் டங் என்று ஒரு சத்தம். ஓரின் தலையைத் தேய்த்துக்கொண்டு, மற்றொரு கையில் சாண்ட்விச்சுடன் நின்றார். “அவ திட்டலேன்னாத்தான் எனக்குத் தூக்கம் வராது. உன்னை யாரு தாயி குறுக்க வரச் சொன்னா?”

வெர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நெஞ்சில் நின்றது. அந்தப் பெண் தாளில் வரைந்த ஊரை நீட்டினாள். பிறகு சுவரிலிருந்த படத்தைக் காட்டினாள். மில் வாசலில் இரண்டு ஆண்கள்.

“சட்டைப் பை,” என்றாள்.

வெர்னா உருப்பெருக்கியை எடுத்தாள். நான்கு வருடம் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள். கூரை ஓடுகளை எண்ணியிருக்கிறாள், ஜன்னல் கம்பிகளை எண்ணியிருக்கிறாள். மனிதர்களைப் பார்த்ததில்லை, அவர்களைக் கட்ட வேண்டியிருக்கவில்லை. இப்போது பார்த்தாள். சட்டைப் பை வலது மார்பில் இருந்தது.

“தையக்காரன் தப்பாத் தைச்சிருப்பான்,” என்றார் ஓரின்.

“ரெண்டு பேருக்குமா?” என்றாள் அந்தப் பெண்.

படச்சுருளை யாரோ மறுபக்கமாக வைத்து அச்சிட்டிருக்கிறார்கள். படம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறியிருக்கிறது. வெர்னா கட்டியது பெல்ட்சர் மில்லே இல்லை. அப்படி ஓர் ஊர் இருந்ததே இல்லை.

ஒன்பது வாரத்தில் இப்படி ரயில் கட்டுபவர்களின் வட்டார மாநாடு. முந்நூறு பேர் வரிசையாக இந்தப் படியில் இறங்கிப் பார்க்கப்போகிறார்கள். மாநாட்டுக் கையேட்டின் அட்டையில் அச்சாகியிருப்பதே இந்த மில்தான்.

“யாருக்குத் தெரியப்போகுது?” ஓரின் குரலைத் தணித்துக் கேட்டார். “அங்க வேலை பார்த்தவங்க யாரும் இப்ப இல்ல.”

“டைம்டேபிளுக்குத் தெரியும். அது சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு. இவ எழுதல. நான் உன் மேல பழியைப் போட்டேன்.” உருப்பெருக்கியைக் கீழே வைத்தாள். “ஓரின், கராஜ்ல சின்ன ரம்பம் இருக்கு.”

“சாப்பிட்டுட்டு எடுத்துட்டு வரேனே.”

“இப்ப.”

5.

இந்த இடத்தில் கதை வேறு வழிகளில் போயிருக்கலாம். போக வைத்துப் பார்த்தேன்.

(அ) வெர்னா ஊரை அப்படியே விட்டுவிட்டு, எதிரே ஒரு கண்ணாடி மாட்டுகிறாள். பார்க்க வருகிறவர்கள் கண்ணாடிக்குள் சரியான ஊரைப் பார்க்கிறார்கள். (இதை எழுதியபோது எனக்கே பிடித்தது. வெர்னாவுக்குப் படித்துக் காட்டினேன். “கண்ணாடிக்குள்ள எந்த வண்டி ஓடும்?” என்றாள். கிழித்துவிட்டேன்.)

(ஆ) வெர்னா ரம்பத்தைக் கையில் எடுத்ததும் அழுகிறாள். (அழவில்லை. அறுக்கும் கோட்டைப் பென்சிலால் போட்டாள். அளந்தாள். மறுபடி அளந்தாள். அழுதது நான். அதுவும் கதைக்கு வேண்டாம்.)

நடந்தது இது. ஒன்றரை மீட்டர் ஊர் அந்த மதியமே மேசையிலிருந்து தனியே வந்தது. அந்தத் துண்டைச் சுழற்றித் திரும்ப வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள், ஓரினும் கேட்டார். இடது கைக்கான கையுறையை எப்படிச் சுழற்றினாலும் வலது கைக்கு ஆகாது. மில், ஸ்டேஷன், படிக்கட்டு, புகைக்கூண்டு எல்லாமே புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. வெர்னா ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் நின்றாள். என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. கூரை ஓடுகளை என் தலையில் கட்டினாள்: ஆயிரத்து நூறு, அரிசியைவிடச் சின்னவை. “ஒட்டுனது எத்தனை, கிழிஞ்சது எத்தனைன்னு எழுது. பேனாவுல,” என்றாள். ஓரின் தண்டவாளத்தைப் பற்றவைத்தார், விரலைச் சுட்டுக்கொண்டார், மறுபடி பற்றவைத்தார்.

ஏழாவது வாரம் ஓரின் கேட்டார்:

“சரி, ஒருவேளை அந்த ரெண்டு பேரும் நிஜமாவே ஏதோ கோணல் தையக்காரன்கிட்ட தைச்சிருந்தா? படம் சரியா இருந்து, நாம இப்பக் கட்டுறது தப்பா இருந்தா?”

பசைப் புட்டியை மூடியபடியே வெர்னா சொன்னாள்: “பன்னிரண்டு நிமிஷத்துல முடிஞ்சா இது சரி. முடியலேன்னா இதுவும் தப்பு.”

“தப்பா இருந்தா?”

“மாநாட்டுக்கு வர்றவங்களுக்கு இந்த இடத்தைத் துணி போட்டு மூடிக் காட்டுவேன். அவங்க போனதும் அறுப்பேன்.”

“பதிமூணு ஆனா?”

“அறுப்பேன்.”

“பன்னெண்டரை?”

“ஓரின்.”

“கேட்டு வச்சுக்கிட்டேன். நம்ம விரலுதானே வேகுது.”

6.

மாநாட்டுக்கு முந்தைய சனிக்கிழமை. கடிகாரம் 10:40. நாற்பத்து மூன்றாம் வண்டி வளைவைத் தாண்டிப் புதிய பெல்ட்சர் மில்லுக்குள் வந்தது. பாசஞ்சர் வண்டி முந்தைய நிலையத்திலிருந்து கிளம்பிவிட்டது. இந்தமுறை வெர்னா அதை நிறுத்தி வைக்கச் சொல்லவில்லை. வண்டி மெதுவாகச் சாலையைக் கடந்து நின்றது. மில் பெட்டிக்குப் பின்னால் இருந்த பெட்டிகளைக் கழற்றினேன். மீதி வண்டி கிளை பிரியும் இடத்தைக் கடந்து போய் நின்றது. பாதையை மில் பக்கம் மாற்றினேன்.

வெர்னா காதிலிருந்த போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். எழுந்து வந்து எங்களுக்குப் பின்னால் நின்றாள். கடிகாரத்துக்கு முதுகைக் காட்டித்தான் நின்றாள்.

“வண்டியப் பாருங்கப்பா,” என்றாள். “என்னைப் பாக்காதீங்க.”

முடிவை மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் பதினொன்று, ஒன்றில் பன்னிரண்டு, ஒன்றில் இருபது. அவற்றில் ஒன்றுதான் நடந்தது. எது என்று எனக்குத் தெரியும்.

எழுதப்போவதில்லை. ஏழு மாதம் ஒருவருடைய முகத்தைப் பார்த்து எண்ணை மாற்றியவள் நான். இப்போது வெர்னாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஓர் எண்ணை எழுதினால், நீங்கள் அதை நம்பக் காரணம் எதுவும் இல்லை. பன்னிரண்டு என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசை என்பது இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஆசையே போதும், என்னைத் தள்ளி நிற்கச் சொல்வதற்கு.

அதனால் கண்டக்டர் வேலையை உங்களிடம் விடுகிறேன். இந்தப் பாதையில் ஒரு விதி உண்டு: கண்டக்டர் கையசைக்காமல் ஓட்டுநர் வண்டியைப் பின்னால் தள்ளக் கூடாது. ஓரின் கட்டுப்பாட்டுக் குமிழில் விரலை வைத்திருக்கிறார். விரலில் இரண்டு பிளாஸ்திரி. நேரம் 10:44. மில்லுக்குப் போக வேண்டிய பெட்டி கடைசியாக நிற்கிறது. கிளை காலியாக இருக்கிறது. வெர்னா இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.

கையை உயர்த்தி, பெரிய வட்டமாகச் சுழற்றுங்கள். அவசரப்பட வேண்டாம், தயங்கவும் வேண்டாம்.

ஓரின் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.