இல்லாத மனைவியின் பெயர்

ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் செய்த கல்யாணப் பத்திரிகைக்குள் பெண்வீட்டுப் பொம்பளைகள்தான் இறங்கி, விருந்தாளிகளின் பெயர்களை எடுத்து வருவார்கள். பாளையங்கோட்டையில் அதுதான் வழக்கம். ஞானசௌந்தரி சின்னதாய் ஒரு ஜெபம் பண்ணிவிட்டு, மகள் ஷீபாவின் பத்திரிகைக்குள் அண்ணன் பெண்டாட்டி எமிலி மைனியோடு இறங்கினாள்.

விருந்தாளியின் வீடு, அதற்குள் மனைவியின் அறை, அறைக்குள் அவள் பெயர். ஆளில்லாத இடத்தில் பெயரைத் தேடிக் கையை விட்டால் எழுத்தெல்லாம் அழிந்து பத்திரிகை முழுக்க வெள்ளையாகிவிடும். வெள்ளையான கல்யாணத்தை மறுபடி பெண் பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஷீபாவை அப்படி இரண்டு தடவை பார்த்தாயிற்று. வந்தது அதே மாப்பிள்ளைதான்; ஒவ்வொரு தடவையும் அவருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஆனால் இன்றும் வெள்ளையானால் லெந்து காலம் வந்துவிடும். ஈஸ்டர் கழியும்வரை ஆலயத்தில் கல்யாணம் கிடையாது.

அதற்காகத்தான் ஆளுக்கொரு கேள்விக்குறி கொடுத்திருந்தார்கள், பக்கத்தில் இன்னொரு புள்ளி வைத்தது. அதை முன்னால் நீட்டினால், உள்ளே ஆள் உண்டா இல்லையா என்று எட்டிப் பார்த்துச் சொல்லும்.

நூற்றுநாற்பது பெயர் நல்லபடியாக வந்தது. கடைசியாகத் தேவசகாயம் வாத்தியார் வீடு. எமிலி வாசலில் குறியை நீட்டினாள்.

"இருக்கேன், வாங்க" என்றார் வாத்தியார்.

எமிலி குறியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே மனைவியின் அறைக்கு நடந்தாள்.

"மைனி, நில்லுங்க. அங்கயும் கேளுங்க."

"வாசல்லதான் கேட்டாச்சே. ஒரு வீட்டுக்கு எத்தன தடவ கேக்க?"

"அது அவரு இருக்காரான்னு கேட்டது. போன ரெண்டு தடவையும் வேற வீட்டுல இப்படித்தான் போனீங்க."

"அம்பத்தெட்டு வயசுல பொண்டாட்டி இல்லாமலா இருப்பாரு?"

"நான் ஒண்ணும் சொல்லல" என்றார் வாத்தியார், பேப்பரைப் புரட்டியபடி.

எமிலியின் கை கதவுக்குள் போவதற்குள் ஞானசௌந்தரி தன் குறியை நீட்டிவிட்டாள். அது எட்டிப் பார்த்து, "அன்டிஃபைன்டு, ஆளில்லை" என்று மெல்லச் சொன்னது. ஒன்றும் வெள்ளையாகவில்லை. எமிலி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"சரி, பேருக்கு என்ன வைக்க?"

ஞானசௌந்தரி இடுப்பிலிருந்து இரட்டைக் கேள்விக்குறியை எடுத்து வைத்தாள். இல்லாத பெயருக்குப் பதில் பெயர் வைக்க அதுதான். அதன் பக்கத்தில் 'உடன் வருபவர்' என்று எழுதினாள்.

பத்திரிகை திறந்துகொண்டது. "கல்யாணம் இருக்கும்மா" என்று மேலிருந்து ஷீபா சிரித்தாள்.

கல்யாணத்துக்கு தேவசகாயம் வாத்தியார் வந்தார். உடன் வருபவரும் வந்தார், கிளிப்பச்சைப் பட்டில். பாமாலைகளை நல்ல குரலில் பாடினார். பந்தியில் எமிலி அவருக்கு இரண்டாம் தடவையும் பாயாசம் ஊற்றினாள்.

"உங்களுக்கு எந்த ஊரு?"

"இன்னும் வைக்கல."

"அப்போ பாளையங்கோட்டைன்னு வச்சுக்கிடுங்க."

"வச்சுக்கிட்டேன்" என்று அவர் அப்பளத்தை நொறுக்கினார்.