ஒரே முகாம், ஒரே வாரம்

திரையில் இரண்டு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு சிவப்பாய்த் துடித்தன. 'ஏன் அக்கா' நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று ஆரம்பிப்பதால் கூட வேலை செய்பவர்கள் வைத்தது. "எல்லாக் குழந்தையும் பிறந்ததும் அழும், இவ ஏன்னு கேட்டிருப்பா" என்று அவள் அம்மாவே சொல்வாள். இப்போது கைக்கு வந்திருந்த வேலையோ அவளுக்கென்றே செய்து வைத்தது போலிருந்தது. வெளிநாட்டுப் படைகளோடு சேர்ந்து நடக்கும் பயிற்சிகள், வந்து போகும் குழுக்கள் எல்லாவற்றையும் பாதுகாப்புத் துறை தன் கணினியிலும் வெளியுறவுத் துறை தன் கணினியிலும் தனித்தனியாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தன. இவர்கள் யாரை அழைக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டுக்கும் பொதுவாக ஒரே மென்பொருள் எழுதித் தரவேண்டும். அதில் மண்டையை உடைத்துக்கொண்டு, அன்றைக்குத்தான் முதல்முறையாக இரு துறைகளின் நிஜத் தகவல்களையும் உள்ளே விட்டிருந்தார்கள்.

மேலாளர் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது? நாளைக்கு அமைச்சர் முன்னாடி போட்டுக் காட்டணும். ப்ரோகிராம்ல ஏதோ பக். அந்த ரெண்டையும் தூக்கிடு."

"ஏன் சார், பக்னு எப்படிச் சொல்றீங்க?"

"சிவப்பா இருக்கே!"

அவள் எதையும் தூக்கவில்லை. ஒவ்வொரு பட்டையும் ஒரு குழுவின் வருகை; இரண்டையும் திறந்து பார்த்தாள். கண்ணிவெடி அகற்றக் கற்றுக்கொள்ள மலைநாட்டுப் படை வீரர்கள் ஒரு முகாமுக்கு வருகிறார்கள். பாதுகாப்புத் துறையின் அழைப்பு. வெள்ள மீட்புப் பயிற்சிக்காகச் சமவெளி நாட்டு ராணுவ மருத்துவக் குழு வருகிறது. வெளியுறவுத் துறையின் அழைப்பு. அதே முகாம், அதே வாரம். போன வருடம்தான் அந்த இரண்டு நாடுகளும் எல்லையில் அடித்துக்கொண்டு ஓய்ந்திருந்தன. இன்னும் ஒருவர் மண்ணில் ஒருவர் புதைத்த வெடிகள் முழுதாக எடுக்கப்படவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் மேலாளர் காற்றுப் போன டயர் மாதிரி உட்கார்ந்தார். "இதை நாம போய்ச் சொன்னா நம்ம தலைதான் உருளும்."

"சொல்லாம விட்டா அங்க எத்தனை தலை உருளும் சார்?"

அவர் தொலைபேசியை அவள் பக்கம் நகர்த்தினார்.

அன்று மாலையே பாதுகாப்புத் துறையின் கர்னலும் வெளியுறவுத் துறை மேடமும் அந்தச் சின்ன அறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வருடக்கணக்காக ஒருவருக்கொருவர் கடுப்பாகக் கடிதம் எழுதிக்கொண்டவர்கள். நேரில் பார்ப்பது அன்றுதான். கர்னல் இவ்வளவு குள்ளமாக இருப்பார் என்று மேடம் நினைத்திருக்கவில்லை போலும், இரண்டு முறை பார்த்தார். கர்னல் திரையையே வெறித்தார். இருவர் விரலும் மற்றவருடைய பட்டையைத்தான் காட்டின.

ஏன் அக்காவால் அடக்க முடியவில்லை. "ஏன் சார், சண்டை போட்டவங்க ஒரே இடத்துல தங்கினா என்ன ஆகும்?"

கர்னல் மீசையைத் தடவினார். "தெரியாதும்மா. யாரும் தங்கிப் பார்த்ததில்ல."

மேடம் வெளியே போய், யாராவது ஒருவர் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று இரண்டு தூதரகங்களிடமும் கேட்டார். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பா கவலையா என்று பிடிபடவில்லை. "ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்றாங்க கர்னல் சார். அவங்க முதல்ல தள்ளிப்போட்டா பார்க்கலாம், நாங்களா பின்வாங்கினா பயந்துட்டோம்னு ஆயிடும்ங்கிறாங்க."

"அப்போ?"

"அப்போ ரெண்டு பேரும் வர்றாங்க."

மென்பொருள்தான் ஒப்புக்கொள்ளவில்லை. இடித்துக்கொள்ளும் இரண்டு வருகைகளை அது ஏற்காது. அப்படித்தான் அவளே எழுதியிருந்தாள். அந்த விதியைத் தளர்த்தினாள். இனி மறுக்காது, காரணம் கேட்கும். காரணம் எழுதும் கட்டத்துக்கு முன்னால் இரண்டு அதிகாரிகளும் தலையோடு தலை சேர்த்துக் குனிந்தார்கள். கர்னல் சொன்ன நீளமான வாக்கியத்தை மேடம் அழித்தார். மேடம் சொன்னதற்குக் கர்னல் உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் ஒரு சொல் நின்றது: "தெரிந்தே." பட்டைகள் மஞ்சளாயின.

மறுநாள் அமைச்சர், "இது என்ன மஞ்சள்?" என்று கேட்டார். மேடம் விளக்கினார். அமைச்சர், "தனித்தனிக் கட்டடமா?" என்றார். "ஆமாம்" என்றார் கர்னல். அவ்வளவுதான்.

அந்த வாரம் முகாம் அலுவலகத்தில் கணினியைப் பொருத்திச் சொல்லிக்கொடுக்கும் வேலையை ஏன் அக்காவே கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். வீட்டில் கணவர், "வேற ஆளே இல்லையா உங்க ஆபீஸ்ல?" என்றதற்கு, "பார்க்கணும்ங்க" என்றாள். அதற்குமேல் அவளுக்கே காரணம் சொல்லத் தெரியவில்லை.

பார்க்க ஒன்றுமில்லை. சாப்பாட்டு நேரம் வேறு, மைதானம் வேறு. எதிரில் வந்தால் ஒரு கூட்டம் சுவரைப் பார்க்கும், இன்னொரு கூட்டம் பூட்ஸைப் பார்க்கும். துணி உலர்த்தும் கொடி மட்டும் ஒன்றுதான். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே இழுத்துக் கட்டியது. அதற்கு நேரம் பிரித்துக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் மதியம் சடசடவென்று மழை பிடித்தது. மருத்துவக் குழு பாடத்தில் இருந்தது. அவர்கள் கட்டடத்தில் ஆளில்லை. மலைநாட்டு வீரன் ஒருவன் வெறுங்காலோடு ஓடிவந்து தங்கள் பச்சை உடுப்புகளை உருவித் தோளில் போட்டுக்கொண்டான். கொடியில் மிச்சமிருந்தவை எல்லாம் மருத்துவக் குழுவின் மணல் நிற உடுப்புகள்.

"அக்கா, ஸ்கிரீன் ஏதோ கேக்குது, வாங்களேன்" என்று முகாம் எழுத்தர் கூப்பிட்டார்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள் ஏன் அக்கா, ஜன்னல் கம்பியை விடாமல்.

அவன் திரும்பித் தன் கட்டடத்தை நோக்கி நாலு எட்டு வைத்தான். நின்றான். தோளிலிருந்த துணிகளிலிருந்து நீர் சொட்டியது. பிறகு கொடிப் பக்கம் வந்து, முதல் சட்டையின் கிளிப்பில் விரலை வைத்தபடி, ஆளில்லாத அந்தக் கட்டடத்தின் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான்.